பதினான்கு இரவுகளின் நோட்டு

டாக்டர் சொர்ணலட்சுமி என் நோட்டின் மூன்றாம் பக்கத்தையும் பென்சிலால் அடித்தார்.

"மணி எங்கம்மா இருக்கு?"

எட்டிப் பார்த்துக் காட்டினேன். 'அம்மாவின் இமைகளுக்கும் உறக்கத்துக்கும் நடுவே முடிவில்லாத பனிவெளி விரிந்து கிடந்தது' என்ற வரிக்குக் கீழே, பொடி எழுத்தில், 'இரண்டரை மணி' என்று இருந்தது.

பனிவெளியை அடித்துவிட்டு இரண்டரையை மட்டும் வட்டமிட்டார்.

வெளியே விருதுநகரில் வெயில் நூறு டிகிரி. நான் பனி பார்த்தது ஐஸ் பெட்டிக்குள் மட்டும்தான். ஆனால் நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் தூக்கம் வராத பெண்கள் எல்லோரும் பனி பெய்யும் ஊர்களில்தான் இருக்கிறார்கள். சன்னலோரம் நிற்கிறார்கள். நீளமான கடிதம் எழுதுகிறார்கள். என் அம்மா சோலையம்மாளும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டாள் என்பதில் எனக்கு வெட்கங்கெட்ட ஒரு பெருமை இருந்தது.

அம்மா சன்னலோரம் நிற்கவில்லை. எங்கள் வீட்டுச் சன்னலை மறைத்துக்கொண்டு கேஸ் சிலிண்டர் நிற்கிறது.

ஆனி மாதத்திலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் திரி வைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நாள் தலை சரிந்துவிட்டது. ஃபோர்மேன் ஊர்க்காவலன் அன்றைக்கே அனுப்பிவிட்டார். "நல்லாத் தூங்கி எந்திரிச்சு, டாக்டர் சீட்டோட வாங்க யக்கா. இங்கன கண்ணு சொருகி ஒண்ணு வெடிச்சா உங்களோட போகாது."

மூன்று வாரமாக அம்மா வீட்டில் இருக்கிறாள். எப்படியாவது சீட்டு வாங்கி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று துடிக்கிறாள். இத்தனை வருடம் உழைத்தும் அலுக்காத உழைப்பாளி என்று அதையும் நான் நோட்டில் வியந்திருந்தேன்.

போன தடவை டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். மாதவிலக்கு நின்றுவிட்டதா, திடீரென்று உடம்பு கொதித்து வேர்க்கிறதா, படுத்தால் கால் குடைகிறதா, சாயங்காலத்துக்கு மேல் காப்பி உண்டா. கடைசியாகக் கவலை ஏதும் உண்டா என்றும் கேட்டார்.

"எனக்கென்ன கவல?" என்றாள் அம்மா.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியாக இருந்தது. ரத்தம் கொஞ்சம் குறைவு. மாத்திரை எழுதினார். இந்த அளவுக்கு விழிப்பு அதனால் மட்டும் வராது என்றார். பதினான்கு நாள் தினமும் காலையில் அம்மாவிடம் கேட்டு, எத்தனை மணிக்குப் படுத்தாள், எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று மட்டும் எழுதிவரச் சொன்னார்.

'மட்டும்' என்ற சொல்லை நான் அவ்வளவாக மதிக்கவில்லை.

அம்மா தினமும் சொன்னது இரண்டு வார்த்தை. நான் எழுதியது இரண்டு பக்கம். நோய்க்குக் காரணத்தையும் நானே கண்டுபிடித்திருந்தேன்: இருத்தலின் வெறுமை. ஐந்தாம் நாள் குறிப்பில் அதை நிரூபித்தே விட்டேன்.

டாக்டர் வெறுமையையும் அடித்தார்.

கடைசியில் வட்டத்துக்குள் பதினான்கு எண்கள் மிஞ்சின. இரண்டு, மூன்று, இரண்டரை. இரண்டு சனிக்கிழமைகளில் மட்டும் எட்டு. ஒரு புதன்கிழமையில் ஏழரை.

"புதன்கிழமை என்ன நடந்துச்சு?"

"மழை, டாக்டர்." ஓடுகளின் மேல் மழை எழுப்பிய இசையைப் பற்றி அன்றைக்கு மட்டும் நான்கு பக்கம் எழுதியிருந்தேன். எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. இருந்தாலும் அவர் ஒரு வரியையாவது விட்டுவைப்பார் என்று நம்பினேன்.

"மழை பேஞ்சா மறுநாள் கம்பெனி உண்டா?" அவரும் பட்டாசு ஊரான சாத்தூர்க்காரர்.

"கிடையாது. வெடிமருந்து நமுத்துரும். சாயங்காலமே லீவு சொல்லிருவாக."

"ஞாயித்துக்கிழம?"

"எப்பவும் லீவுதான்."

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். "நீங்கதான் மூணு வாரமா வீட்டுல இருக்கீகளே. கம்பெனிக்கு லீவு விட்டா உங்களுக்கு எதுக்குத் தூக்கம் வருது?"

"மழைன்னா குளுரும்லா."

"சனிக்கிழம?"

அம்மா சுவரில் ஒட்டியிருந்த குண்டுக் குழந்தையின் படத்தைப் பார்த்தாள். "சனிக்கிழம... அது சனிக்கிழமதான்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "வீட்டுலருந்து வேற யாரும்மா கம்பெனிக்குப் போறது?"

நோட்டில் நான் வரும் இடங்களை யோசித்துப் பார்த்தேன். விளக்கடியில் புத்தகத்தோடு வருகிறேன். மௌன சாட்சியாக வருகிறேன். ஓரிடத்தில் கன்னத்தில் கைவைத்துக்கொண்டும் வருகிறேன். பி.ஏ. முடித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல், காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேனில் ஏறும் நான் மட்டும் ஒரு வரியிலும் இல்லை. எழுதிய கதைக்கு அது பொருந்தவில்லை.

"நான்தான் டாக்டர். தரைச் சக்கரத்துக்கு மருந்து அடைக்கிறேன். ஆனியில சேந்தேன்."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல தாயி," என்றாள் அம்மா வேகமாக.

அம்மா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, மேஜையில் திறந்து கிடந்த நோட்டைத் தொட்டாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"அம்புட்டும் இவ எளுதுனதுதான். நான் ஒண்ணு சொன்னா இவ ஒம்பது எளுதுவா. நிமிந்து பாக்காம எளுதுவா. உங்க ஆஸ்பத்திரியில எளுத்து வேல ஏதும் இருக்கா டாக்டரம்மா?"

பக்கம் பக்கமாகப் பென்சிலால் அடித்திருந்த நோட்டை டாக்டர் மெதுவாக மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.