திருப்பிப் போட்ட கோட்டு

ரஷ்யச் சிப்பாய்களிடம் பறித்த கோட்டை உள்துணி வெளியே தெரியும்படி திருப்பிப் போட வேண்டும். ஜாரை எதிர்த்துக் கிளம்பிய அந்தப் போலந்துத் தொண்டர்களுக்கு அதுதான் சீருடை. காட்டில் மழைக்குப் பயந்து நேராகப் போட்டுக்கொண்ட லுட்விக், முகாமை நெருங்கிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“நில்லுடா!” புதிதாக வந்திருந்த காவல்காரன் துப்பாக்கியை நீட்டினான்.

“நான் நம்ம ஆளுதான்யா. போலிஷ்லதானே பேசுறேன்?”

“ஜார் பட்டாளத்துலயும் போலிஷ் பேசுறவன் இருக்கான். கோட்டைத் திருப்பு, பார்ப்போம்.”

லுட்விக் தன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுக் கோட்டை அவசரமாகக் கழற்றினான். ஈரக் கோட்டின் கை முழங்கையில் சிக்கிக்கொண்டது. பின்னால் குதிரைகள் தடதடத்தன.

“சுடாதீங்கடா, அது நம்ம சிப்பாய்!” என்று குதிரைமேல் வந்த ஒருவன் தன் ஆட்களிடம் ரஷ்ய மொழியில் கத்தினான்.

காவல்காரன் லுட்விக்கைக் குறி பார்க்க ஒரு கண்ணை மூடினான். பாதிக் கோட்டோடு நின்ற லுட்விக்குக்குக் கழற்றவும் பயம், போட்டுக்கொள்ளவும் பயம்.