நிறத்துக்கு ஒரு கட்டம்

மாலை வகுப்பில் கணக்குப்பதிவு படிக்கும் கோமளா, அப்பாவின் சர்க்கரைக்காகத் தேதி, வேளை, நிறம் என்று நோட்டில் கட்டம் போட்டு வைத்திருக்கிறாள். ஸ்பிரிட் விளக்கின்மேல், சர்க்கரையை நிறத்தில் காட்டும் நீல மருந்தும் எட்டுச் சொட்டுச் சிறுநீரும் கண்ணாடிக் குழாயில் கொதிக்கின்றன. நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, இன்னும் ஏறுகிறது. சிவப்பு வந்தால் நாளை முதல் ஊசி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஊசி என்றாலே நடுங்கும் அப்பா, பட்டுக்குச் சாயம் போடுகிறவர், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். கோமளாவுக்குத் தன் கண்மேலேயே சந்தேகம். "ஆரஞ்சுன்னு எழுதிக்கட்டாப்பா?" அப்பா குழாயை இடுக்கியோடு பிடுங்கி, வாசல் வெயிலில் தூக்கிப் பிடிக்கிறார். முகம் மலர்கிறது. "இதப் போயி ஆரஞ்சுன்றியே, சாயக்காரன் பொண்ணாம்மா நீ? இந்த நெறத்துக்கு நான் நூல மூணு தபா முக்கணும். சுத்தமான செங்கல் செவப்பு!" கோமளா நிறக் கட்டத்தில் 'சிவப்பு' என்று எழுதிக்கொள்கிறாள். அப்பா மெதுவாகத் தன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்கிறார்.