ஏஐக்கு ஒரு ரொட்டி

கடன் உதவி மையத்துக்குள் முகமெல்லாம் சிரிப்பாக நுழைந்த ரொட்டிக்காரம்மா, சூடான ரொட்டி ஒன்றை மேனேஜரின் மேஜையில் வைத்தாள்.

"உங்க ஏஐக்குத்தான் சார் கொண்டுவந்தேன். அதுக்குத்தான் வாய் இல்லையே, நீங்களே சாப்பிடுங்க."

அடமானம் வைக்க எதுவும் இல்லாத பெண்களிடம் ஃபோனிலேயே தொழிலைப் பற்றிக் கேள்வி கேட்டு, பதிலைப் பார்த்துக் கடனுக்குச் சிபாரிசு செய்யும் ஏஐ அது.

"கடன் கிடைச்சிடுச்சாம்மா? ரொம்ப சந்தோஷம்!" என்றபடி கணினியைத் தட்டிய மேனேஜரின் முகம் சுருங்கியது. "அம்மா... நிராகரிச்சதா இருக்கே!"

"அதுக்குத்தான் சார் நன்றி சொல்ல வந்தேன்."

"நிராகரிச்சதுக்கா நன்றி?" என்றார் மேனேஜர்.

"பைக் வாங்கற ஆசையில என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாம என் ஃபோன்ல, என் பேர்ல விண்ணப்பம் போட்டிருக்கார். மாவு பொங்கலைன்னா என்ன செய்வீங்கன்னு ஏஐ கேட்டிருக்கு. அடுப்பைக் கூட்டி வைப்பேன்னு இவர் தட்டியிருக்கார். பொங்காத மாவை வேகவச்சா செங்கல்தான் சார் வரும்! 'ரொட்டி சுடுறவங்களே பதில் சொல்லணும்'னு எனக்கு மெசேஜ் வந்தப்பதான் குட்டு உடைஞ்சுது. இல்லேன்னா அந்தத் தவணையெல்லாம் என் தலையிலதான் விடிஞ்சிருக்கும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்குப் பெரிய அடுப்பு வேணும். இப்ப அந்த ஏஐயை என்கிட்ட கேள்வி கேக்கச் சொல்லுங்க."

"உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?"

"வாசல்ல ரொட்டிக் கூடையோட நிக்கிறார் சார். கடை கடையா ரொட்டி போடணுமே, இனிமே அவர்தான் எனக்கு பைக்!"