கழுத்துல இருந்த அடுப்பு

ஒரு விந்தணுவோட கழுத்துல குட்டியூண்டு மைட்டோகாண்ட்ரியா ஒண்ணு இருந்துச்சு. மூச்சை இழுத்து, சக்கரையை எரிச்சு, வாலை ஆட வைக்கிறதுதான் அதோட வேலை. அதனால எல்லாரும் அதை அடுப்புன்னுதான் கூப்பிடுவாங்க.

கருமுட்டையைத் தேடிப் போற வழியில மத்த விந்தணுவெல்லாம் சர்ரு சர்ருன்னு முந்திப் போச்சு.

"ஏய் அடுப்பு, தூங்கிட்டியா? நல்லா எரிடா!"ன்னு வால் கத்துச்சு.

"இதுக்கு மேல எரிஞ்சா புகை கிளம்பி தலைக்குள்ள போயிடும்டா. அப்பாவோட சாயலெல்லாம் அங்கதான இருக்கு? கரி பிடிச்சா குழந்தை என்னடா ஆகும்?"

"போடா பயந்தாங்கொள்ளி!"

அடுப்பு அதே சூட்டுல நிதானமா எரிஞ்சுது. கொஞ்ச தூரம் போனா, முந்திப் போனதுல பாதி, வால் ஓஞ்சு மிதந்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் வால் கத்தவே இல்ல.

ஒருவழியா வந்து சேந்ததும் கருமுட்டை கதவைத் திறந்துச்சு. "தலை உள்ள வரட்டும். அடுப்பு என் வீட்டுலயே ஏகப்பட்டது கிடக்கு. உன்னை அணைச்சிடுவேன், கண்ணு."

தலை திரும்பிக்கூட பாக்காம உள்ள ஓடிடுச்சு.

"சரிக்கா. அந்தத் தலைக்குள்ள எங்கயாச்சும் கரி இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

முட்டை உத்து உத்துப் பாத்துச்சு. "ஒரு பொட்டு கூட இல்ல."

"அப்ப அணைச்சிடுங்க"ன்னுச்சு அடுப்பு.