தேயாத டயர்

ராட்டினத்தைப் பிரித்து லாரியில் ஏற்றியாகிவிட்டது. லாரிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வீட்டுவண்டிதான் பவளத்தின் குடும்பத்துக்கு வீடு. புறப்படும் முன் அதன் டயரைத் தொட்டுப் பார்த்தாள். ஓரம் முழுக்க, காய்ந்த குளத்து மண்போல வெடித்திருந்தது. வெடிப்புக்குள் நகம் போனது.

"இதை மாத்தாம மலை இறங்கக் கூடாதுங்க."

கணவன் இருளப்பன் சிரித்தான். "டயர் பட்டன் தேயாம அப்படியே இருக்கு பாரு. பாதி வருஷம் நின்னுக்கிட்டே கெடக்குற வண்டி. எங்க தேயும்?"

"தேயலங்க. நின்னே செத்துப்போச்சு."

"நாளைக்குக் கீழ ஊர்ல திருவிழா. அங்க போயி மாத்திக்கலாம்."

வண்டிக்குள் பக்கவாதத்தில் விழுந்த மாமனார் படுத்திருந்தார். லாரியில் அவரை உட்காரவைக்க முடியாது. பவளம் மகளைத் தூக்கிக் கணவன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, திரும்பி வந்து மாமனாரின் கட்டிலருகே தரையில் அமர்ந்தாள்.

"நீயும் முன்னாடி போ தாயி" என்று அவர் குழறினார்.

"உங்க மகன் மெதுவா ஓட்டணும்ல மாமா."

லாரி ஊர்ந்தது. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே முந்தின. இரண்டாவது வளைவில் லாரி நின்றது. இருளப்பன் வந்து கதவைத் திறந்தான். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"எறங்கு பவளம். முன்னாடி வா."

"உங்க அப்பாவ?"

அவன் அப்பாவைப் பார்த்தான். அவர் கண்களை மூடிக்கொண்டார்.

இருளப்பன் போய் எஞ்சினை அணைத்தான். மலையே அமைதியானதுபோல் இருந்தது. சக்கரங்களுக்குக் கல் வைத்து முட்டுக்கொடுத்துவிட்டு, டயர் தேடிக் கீழ்நோக்கி நடக்க ஆரம்பித்தான்.