மாப்பிள்ளைக்கு மூணு நடை

"மாப்பிள்ளை, சின்னமனூர் வரைக்கும் போயி வாழை இலை வாங்கிட்டு வந்துருங்க" என்றாள் மொக்கம்மாள்.

ஈஸ்வரபாண்டி அப்போதுதான் மாமனாரின் டிவிஎஸ்ஸை ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்தான். காலையிலிருந்து இது மூணாவது நடை. முதலில் அடுப்புக்கரி. அடுத்து எலுமிச்சம்பழம். இப்போது வாழை இலை.

அவன் மனைவி முனீஸ்வரிக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்மா, ஒனக்குப் புத்தி கித்தி பெசகிருச்சா? வீட்டுக்குப் பின்னாடி நாலு வாழை நிக்கிது. இந்த வெயில்ல அவரைப் போயி எலை வாங்க அனுப்புற!"

"அது காத்துல கிழிஞ்சு கெடக்குடி. விருந்துக்குப் போட்டா நல்லாவா இருக்கும்?"

"அவரு இந்த வீட்டு மாப்பிள்ளை. எடுபிடி இல்ல. எங்களையும் அடுப்படிக்குள்ள விடமாட்டேங்குற. என்னதான் நெனைச்சுக்கிட்டு இருக்க?"

மருமகனை உட்கார வைத்துச் சோறு போடுகிற ஊர் மார்க்கையன்கோட்டை. இப்படி விரட்டினால் தெரு சிரிக்கும். மொக்கம்மாள் அதற்கெல்லாம் அசைகிற ஆளா?

மூத்த மருமகன் சங்கரலிங்கம் ஃபேனுக்கு அடியில் காலை நீட்டிப் படுத்திருந்தார். அரசாங்க வேலைக்காரர். அவரை யாரும் எங்கும் அனுப்பவில்லை.

"வெரசா வாங்க சகலை. குமுளி ரிசார்ட்டுல வெள்ளைக்காரனுக்குச் சுட்டுப் போடுறீகளே பார்பிக்யூ, அதை நாங்களும் ஒரு நாள் தின்னு பாக்கணும்ல?"

ஈஸ்வரபாண்டி சிரித்து வைத்தான். வண்டியைக் கிளப்பினான்.

அவன் சமையல்காரன் இல்லை. தட்டு கழுவுகிறவன். பெண் பார்க்க வந்த அன்று தரகர், "ரிசார்ட்டுல குக்கு" என்று அளந்துவிட்டார். இவனும் மறுக்கவில்லை. கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஓடிவிட்டது. முனீஸ்வரிக்கே தெரியாது.

புல்தரையில் எச்சில் தட்டு எடுக்கப் போகும்போது பார்த்திருக்கிறான். விலா எலும்பை வெட்டாமல் பட்டையாகக் கம்பி வலையில் போடுவார்கள். இந்தப் பக்கம் அஞ்சு நிமிஷம், அந்தப் பக்கம் அஞ்சு நிமிஷம். கறி பூவாக உதிரும். இன்றைய விருந்துக்கு அதைச் சுடச் சொன்னபோது, பத்து நிமிஷ வேலைதானே என்று தைரியமாகத் தலையாட்டிவிட்டான்.

காலையில் கரி வாங்கி வந்ததும், மசாலா தடவிய ஒற்றை எலும்பை யாருக்கும் தெரியாமல் சுட்டுக் கடித்துப் பார்த்தான். செருப்பு வாரே தேவலை. துப்பிச் சாம்பலில் புதைத்துவிட்டு நிமிர்ந்தால், அடுப்படி வாசலில் மாமியார்.

"எலுமிச்சம்பழம் இல்லையே மாப்பிள்ளை. ஒரு எட்டு போயிட்டு வந்துருங்க. கறிச்சட்டி இங்கன இருக்கட்டும், நான் பாத்துக்கிறேன்."

இலைக்கட்டோடு திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தான். கரி சரியில்லை என்று சொல்லலாம். கிழட்டு ஆடு என்று சொல்லலாம். சகலை விடுவாரா? தோண்டித் துருவிக் கேட்பார். முனீஸ்வரி முகத்தில் எப்படி முழிப்பது?

மணி ஒன்றரை. அடுப்படிக்குள் போய்ச் சட்டி மூடியைத் திறந்தான்.

கறி சுருங்கி எலும்பு நுனிகள் வெளியே தெரிந்தன. மேலே புதுசாக மசாலா பூசியிருந்தது. விரலால் தொட்டான், சுட்டது. லேசாக அமுக்கினான், கறி விண்டு வந்தது.

மொக்கம்மாள் திரும்பிப் பார்க்காமல் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"கரி கனிஞ்சு கெடக்கு மாப்பிள்ளை. இனி பத்து நிமிசம் காட்டுனாப் போதும்ல?"

அவன் எலும்புகளைக் கரித்தணலுக்கு எடுத்துப் போனான்.

பந்தியில் சங்கரலிங்கம் ஒரு எலும்பைப் பிடித்து இழுத்தார். எலும்பு கையோடு வந்தது. கறி இலையிலேயே கிடந்தது.

"யப்பா, என்னா பக்குவம்! கைக்கு மோதிரம் போடணும் சகலை!"

மாமனார் மீசையைத் தடவிக்கொண்டார். முனீஸ்வரிக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வேகத்தில் அம்மாவையும் ஒரு பிடி பிடித்தாள்.

"பாத்தியாம்மா? இப்பேர்ப்பட்ட ஆளைப் போயி கடை கடையா விரட்டுன. நீ என்னத்தச் செஞ்ச? சோத்தை மட்டும் வடிச்ச."

"ஆமாடி, என் தப்புத்தான்" என்றபடி மொக்கம்மாள் மருமகனுக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.



சாப்பிட்டு முடித்ததும் அடுப்படிக்குப் பின்பக்கம் போனான். மாமியார் அடிப்பிடித்த கறிச்சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் விறகடுப்பு இன்னும் புகைந்தது. அவன் ரெண்டு நடை போய் வந்த நேரமெல்லாம் அந்தச் சட்டி சிறுதீயில் இருந்திருக்கிறது. ரிசார்ட்டிலும் இப்படி முன்னாலேயே வேகவைத்துத்தான் வலையில் போட்டிருப்பார்கள் என்று இப்போதுதான் புரிந்தது.

"குடுங்க அத்தை" என்று வாங்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கை பழக்கத்தில் சுழன்றது. நாலு தேய்ப்பில் பாதிக் கறுப்பு போய்விட்டது. அப்புறம்தான் அவனுக்கே உறைத்தது.

"அத்தை... நான் அங்கன குக்கு இல்ல."

"தெரியும் மாப்பிள்ளை. போன வருசம் மகளிர் குழுவோட தேக்கடி வந்தோம்ல, உங்களைப் பாத்துட்டுப் போகலாம்னு ரிசார்ட்டுக்குப் பின்வாசல் வழியா வந்தேன். முழங்கை வரைக்கும் சோப்பு நுரையோட நின்னீக. கூப்புட்டாச் சங்கடப்படுவீகன்னு அப்படியே திரும்பிட்டேன்."

"முனீஸ்வரிகிட்ட..."

"அதை நான் சொல்லக் கூடாது. உங்களுக்கு எப்பச் சொல்லத் தோணுதோ அப்பச் சொல்லுங்க."

அவன் குனிந்த தலை நிமிரவில்லை. கண்ணீர் சட்டியில் விழுந்தது. மொக்கம்மாள் சட்டியை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"எந்திரிங்க. லீவு அன்னைக்காச்சும் அந்தக் கையில ஈரம் படாம இருக்கட்டும்."