விசில் கேட்டதும்

புலம்பெயர்ந்த தமிழர் நாடகம் போடும் ஸ்ட்ராத்ஃபீல்ட் தேவாலய மண்டபத்து மேடையில், கையில் சூட்கேசோடு தவமலர் நிற்கிறாள். எழுபத்தாறாம் ஆண்டுக் கோடை வெயில் உயர்ந்த ஜன்னலால் இறங்கி அவள் முகப் பவுடரைக் கரைக்கிறது. நாடகம் தமிழுக்கு வந்த பழைய பிரெஞ்சு நகைச்சுவை. ஒரு பெண்ணைப் பூட்டி வளர்த்து அவளையே கட்டத் துடிக்கும் பொறாமைக்காரக் கிழவனாக, இடுப்பில் சாவிக்கொத்துடன் எதிரே நிற்பவர் அவளுடைய சொந்தக் கணவர் சச்சிதானந்தன். மனைவியோடு வேறு ஆண் நடிக்கக்கூடாதென்று நாடகத்தையே திருத்தியவர். அதனால் காதலன் மேடைக்கே வராமல் திரைக்குப் பின்னால் நின்று விசிலடிக்கிறான். இதோ, விசில். அவள் சொல்லவேண்டியது, போய்த் திரும்பி வருவேன் என்று அவர் எழுதிக் கொடுத்த “போட்டு வாறன்.” தவமலர் நிமிர்கிறாள். “நான் போறன்.” “ஐயோ, வாறன் எண்டு சொல்லு பிள்ளை!” என்று முன்வரிசை அன்ரி ஒருத்தி பதறுகிறாள். “போறன்!” என்கிறாள் தவமலர், இன்னும் உரக்க. பின்வரிசையில் வெடித்த கைதட்டல் முன்னே உருண்டு வருகிறது. சச்சிதானந்தனின் பொய்த்தாடி ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது. “எப்ப வருவீர்?” என்று கேட்கிறார், வீட்டுக் குரலில். அந்த வசனத்தை அவர் எழுதவில்லை. அவள் படியிறங்கி மண்டபத்தின் நடுவால் வாசலை நோக்கி நடக்கிறாள். பதறிய அன்ரிதான் முதலில் எழுந்து, தன் கதிரையை இழுத்து வழிவிடுகிறாள்.